கம்சிகா கயிறு அவிழ்க்கவில்லை

கம்சிகா 1992இல் ஒஸ்லோவில் பிறந்து, அருகிலுள்ள லோறென்ஸ்கூக்கில் வளர்ந்தவர். பள்ளி முடிந்ததும் தானாகவே விண்ணப்பித்து நோர்வேக் கடற்படையில் சேர்ந்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்குக் கப்பலோ? உன்னை ஆர் கட்டுவினம்?" என்று பெரியப்பா இரத்தினவேல் கேட்டார்.

"கப்பலை நானே கட்டுவன் பெரியப்பா, யோசியாதேங்கோ."

பேர்கனில் படித்துக் கடற்படை அதிகாரியானார். 2020இல் விலகி ஒஸ்லோவுக்குத் திரும்பி, சுற்றுலாப் படகொன்றுக்குக் கப்டனானார்.

2023 ஜூன் 17, சனிக்கிழமை. எங்கள் தமிழ்ச் சங்கம் பிள்ளைகளுக்கான கோடைச் சுற்றுலாவை ஒழுங்கு செய்திருந்தது. தலைவர் இரத்தினவேல், "எங்கடை பிள்ளையின்ரை படகு" என்று சொல்லி அதையே வாடகைக்கு எடுத்தார். தொண்ணூற்றேழு பயணிகளுக்கு அனுமதி. தொண்ணூற்றேழு சீட்டும் விற்றாயிற்று. மடியில் இருக்கும் குழந்தைகளை யாரும் எண்ணவில்லை. கல்யாணத்துக்கு பஸ் பிடித்தாலும் நாங்கள் அப்படித்தான் எண்ணுவோம்.

நகரமண்டபத்துக்கு முன்னுள்ள துறையில் எல்லோரும் ஏறி, சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டிகளும் ஏறிய பிறகு, கம்சிகா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கீழே வந்து தலைகளை எண்ணினார்.

"பதினாலு பேர் கூட. இறங்க வேணும்."

"அதுகள் கைக்குழந்தையள். மடியிலை இருக்கிறதுகளுக்கும் கணக்கோ?"

"தண்ணிக்கை விழுந்தால் மடி இருக்காது, பெரியப்பா."

"வாயைக் கழுவு! நல்ல நாளும் அதுவுமாய்."

பின்னாலிருந்து ஒருவர், "நோர்வேக்காரனை விடச் சட்டம் கதைக்கிறாள்" என்றார். சிரிப்பு எழுந்தது. கம்சிகா சிரிக்கவில்லை.

"கூட ஆக்களை ஏத்தினால் என்ரை கப்டன் சேர்ட்டிபிகாற் போயிடும். அது போனாலும் போகட்டும். ஒரு பிள்ளை போனால் ஆர் பதில் சொல்லுறது? நீங்களோ?"

சோபிகா என்ற இளம் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீங்கள் இருங்கோ" என்றார் கம்சிகா. "இது பிள்ளையளின்ரை பயணம். பிள்ளை கொண்டு வராத பெரியாக்கள் பதினாலு பேர் இறங்கட்டும்."

அப்படிப் பார்த்தால் பிள்ளைகள் இல்லாமல் வந்திருந்த நிர்வாக சபைதான் முதலில் இறங்க வேண்டும். இரத்தினவேலின் முகம் சிவந்தது.

"என்னையோ இறக்கிறாய்? உன்னைத் தோளிலை தூக்கி வளர்த்தவனை?"

"இந்தப் படகிலை நான் கப்டன். நீங்கள் இறங்காமல் கயிறு அவிழ்க்க மாட்டன்."

அரை மணி நேரம் படகு அசையவில்லை. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. தாய்மார் இரத்தினவேலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கினார். பதின்மூன்று பேர் பின்தொடர்ந்தார்கள். சபை உறுப்பினனான நானும் அவர்களில் ஒருவன். "சங்கத்தைச் சந்தி சிரிக்க வைச்சிட்டாய், பார்ப்பம்!" என்று அவர் கரையிலிருந்து கத்தினார். படகு போய்விட்டது.

இரண்டு வாரம் கழித்து, கம்சிகாவைக் கண்டிக்கும் தீர்மானத்துடன் நிர்வாக சபை கூடியது. மன்னிப்புக் கேட்டால் தீர்மானம் கைவிடப்படும் என்று சொல்லி அழைத்திருந்தோம். கம்சிகா வேலையிலிருந்து நேரே, சீருடையுடன் வந்தார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. அவரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"சபைக்கு முன்னாலை ஒரு சொல் சொல்லு, விசயம் முடிஞ்சுது" என்றார் இரத்தினவேல்.

"மன்னிப்புக் கேக்க வரேல்லை. வாற வருசத்துக்கு உங்களுக்கு ரெண்டு படகு வேணும். ஜூன் மாசத்துப் பதிவுகள் கெதியிலை நிரம்பிடும். எந்தச் சனிக்கிழமை எண்டு இப்பவே சொல்லுங்கோ."

கண்டனத் தீர்மானம் வாக்குக்கு விடப்படவில்லை. அடுத்த ஆண்டுப் பயணம் ஜூன் எட்டாம் திகதி, இரண்டு படகுகளில் என்று முடிவானது.