ஆயுத பூஜைக்கு லீவு எடுத்த போன்

போன வாரம் சின்னவள் எனக்குப் புதுப் போன் ஒன்றைத் தயார் செய்து கொடுத்தாள். பழைய போனுக்கு இனிமேல் அப்டேட் வராதாம். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பா, அதுவே எல்லாத்தையும் எடுத்துக்கும்" என்றாள். நான் நம்பவில்லை. டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கறிக்கடை பாய் நம்பர் முதல் உங்கள் பள்ளிக்கூட வேன் டிரைவர் நம்பர் வரை எல்லாம் வந்து உட்கார்ந்திருந்தன.

"ஒண்ணும் அழியலையா?" என்று கேட்டேன்.

"எதுக்குப்பா அழியணும்?" என்று சிரித்தாள்.

அப்படிக் கேட்கிற காலம் வந்துவிட்டது. ஒரு போன் எல்லாவற்றையும் மறந்துபோனதால் எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நடக்கவிருந்த கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது பிள்ளைகளே. அதை எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் வழி மாறினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பஸ் கம்பெனி ஆள், ஊரெல்லாம் சுற்றித்தான் போய்ச் சேர்ந்து பழக்கம்.

புதுப் போனின் உறையை முகர்ந்து பார்த்தேன். பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. எனக்குத் தெரிந்த போன் உறைக்குத் தோலும் டீசலும் விபூதியும் கலந்த ஒரு வாசனை உண்டு. அது தணிகாசலம் அண்ணன் இடுப்பில் தொங்கிய உறை. ஒரகடத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம். நிலத்தில் ஒரு பகுதி கம்பெனிக்குப் போனதும், வந்த பணத்தில் பஸ் வாங்கி, தொழிலாளிகளைக் காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் தொழிலை ஆரம்பித்தார். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பத்தாம் வகுப்போடு வந்து இறங்கிய என்னை அவர்தான் சூப்பர்வைசர் ஆக்கினார். பெயர்தான் சூப்பர்வைசர். பஸ் கழுவுகிற ஆள் வராவிட்டால் நான்தான் கழுவுவேன்.

சாதாரண செல்போனையே சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளும் காலம் அது. அண்ணன் சென்னைக்குப் போய்ப் பேனா வைத்த போன் ஒன்றை வாங்கி வந்தார். யாரோ பயன்படுத்தி விற்றது. செங்கல் கனம். பக்கவாட்டில் பல்லுக்குச்சி மாதிரி ஒரு பேனா செருகியிருக்கும், அதை உருவித் திரையில் குத்த வேண்டும்.

"பெரிய கம்பெனிங்கள்ல ஆர்டர் புடிக்கணும்னா இது கையில கீதான்னு பாக்கறாங்கப்பா" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. வல்லக்கோட்டைக்கு அந்தாண்டை, போனுக்கு மேல்மூடி செய்யும் புதுக் கம்பெனி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் அட்மின் சார் கையிலும் ஒன்று இருந்தது. அதில் பேனா கிடையாது, கொய்யாவிதை மாதிரி பொடிப்பொடியாக எழுத்துப் பொத்தான்கள். இவர் போனும் அவர் போனும் ஒன்றோடொன்று பேசாது. ஏன் என்று கேட்டதற்கு, "சிஸ்டம் வேற" என்றார் அட்மின் சார். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். போன் என்பது பஸ். சிஸ்டம் என்பது அதை ஓட்டும் டிரைவர். இன்றைக்கு ஊரில் பாதி பஸ்ஸுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்கிற ஒரே டிரைவர். அன்றைக்கு ஆளுக்கொரு டிரைவர், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. எங்கள் போனின் டிரைவருக்கு இன்னொரு குணமும் இருந்தது. பட்டினி போட்டால் தன் பெயரையே மறந்துவிடுவார். அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அட்மின் சார் ஒரு தாளில் முதல் ஷிஃப்ட் ஆட்களின் பெயரும், அவர்கள் ஏறும் இடமும் கொடுத்தார். நான் அவற்றைப் பேனாவால் ஒவ்வோர் எழுத்தாகக் குத்திப் போனில் ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் அண்ணன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

"அண்ணே!"

"அதான் உள்ள ஏத்திட்டியே, பேப்பர் எதுக்கு? இனிமே நாம கம்ப்யூட்டர் கம்பெனி."

விஜயதசமி நல்ல நாள் என்று அன்றைக்குத்தான் அந்தக் கம்பெனியில் முதல் ஷிஃப்ட். அன்று ஆட்களைச் சரியாகக் கொண்டுவந்து சேர்த்தால் மொத்த ஆர்டரும் எங்களுக்கு. ஆர்டர் வந்தால் என் வேலை நிரந்தரம் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதற்கும் மேலே ஒன்று இருந்தது. ஊரில் உங்கள் அம்மாவைப் பார்த்து, எல்லோருக்கும் பிடித்து, உங்கள் தாத்தா மட்டும், "தம்பிக்கு வேல நெலையாகட்டும், பொறவு தேதி குறிப்போம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, நீங்கள் இரண்டு பேரும் அப்போது அந்தச் செங்கல் போனுக்குள்தான் இருந்தீர்கள்.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. பஸ்களுக்கு வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் கழுவித் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். அண்ணன் இடுப்பிலிருந்து போனை உருவி, ஆட்களின் பட்டியலைத் திறந்து, திரையின் நாலு மூலையிலும் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஸ்பேனர் பக்கத்தில் படுக்க வைத்தார். வெளிச்சம் அணையாதபடி வைக்கச் சொன்னார். சாமி படிக்க வேண்டுமாம்.

"அண்ணே, சார்ஜ் கொஞ்சமாத்தான் இருக்கு. ஒயரைச் சொருகிரட்டா?"

"பூஜையில வச்ச பொருளுக்கு கரண்ட் குடுப்பியா? ஜாக்கிக்கு இன்னிக்கி லீவு, சுத்திக்கு லீவு, இதுக்கு மட்டும் ஓட்டியா?"

ஓட்டி என்றால் ஓவர்டைம். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆபீசைப் பூட்டிவிட்டுப் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன்.

விடிகாலையில் திறந்தால் போன் செத்துக் கிடந்தது. சார்ஜரைச் சொருகினோம். உயிர் வந்தது. வந்து, எங்களை முன்னே பின்னே பார்க்காத மாதிரி வரவேற்றது. வெள்ளைத் திரையில் ஒரு கூட்டல் குறி. அதன் நடுவில் குத்தச் சொன்னது. குத்தினேன். உள்ளே ஒரு பெயர்கூட இல்லை.

"இன்னாப்பா, வெள்ளையா கீது?"

"எல்லாம் போயிருச்சுண்ணே. பேட்டரி தீந்தா உள்ள இருக்கறதும் போயிரும் போல."

"எங்க போவும்? பூட்டுன ரூமுக்குள்ள வச்ச போனு. எவன் வந்து எடுத்தான்?"

"அட்மின் சாரையே கூப்பிட்டுக் கேட்டுருவோம்ணே."

"இன்னான்னு கேப்பே? சாமிக்கு வச்சோம், மறந்துபோச்சுன்னா? ஆர்டர் அங்கியே காலி. கூடவே உன் கண்ணாலமும்."

டிரைவர் ஏழுமலை எஞ்சினைப் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். "வண்டிய எடுக்கலாமா, இல்ல இதுக்கும் சூடம் காட்டிக்கினே நிப்பீங்களா?"

வல்லக்கோட்டைக் கோயில் வளைவுதான் முதல் இடம் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது. கிளம்பினோம். அண்ணன் பின்னால் காரில் வந்தார். வளைவில் புது நீலச் சட்டை போட்ட பெண்கள் நின்றிருந்தார்கள். முன்னால் ஏறிய பெண் மாரிச்செல்வி. தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"அண்ணாச்சி, பேரு வாசிக்கலியா?"

"நீயே சொல்லும்மா. மத்தவங்கல்லாம் எங்க நிப்பாங்கன்னு தெரியுமா?"

"ஒரு மாசமா ஒண்ணா டிரெயினிங்ல கெடந்தோம், தெரியாம என்ன?"

அவளை எஞ்சின் பெட்டி மேல் உட்கார வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு பஸ்ஸை ஓட்டியது அவள்தான். "அங்கன திரும்புங்க. கடைக்குப் பொறத்தால ஒருத்தி நிக்கா பாருங்க. ஏட்டீ, ஓடியா!"

"யம்மா, இது பஸ்ஸா, உன் மாட்டு வண்டியா?" என்றார் ஏழுமலை.

"மாட்டு வண்டின்னா இந்நேரம் சொன்ன பேச்சு கேட்டிருக்குமே."

பஸ்ஸே சிரித்தது. ஏழுமலை கியரை மாற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கோபமோ என்னவோ, சேரப்பணஞ்சேரிக் கூட்டுரோட்டில் அவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பஸ்ஸை நிறுத்தி, அங்கே நின்ற நீலச் சட்டைப் பையன்களைப் பார்த்து, "ஏறு ஏறு, டைம் ஆவுது!" என்று கத்தினார். ஏறினார்கள். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார்கள்.

கம்பெனி வாசலில் ஷிஃப்ட் மணிக்கு முன்பே போய் நின்றோம். அட்மின் சார் ஆட்களை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"என்னங்க, நான் கேட்டதைவிட அதிகமா கொண்டுவந்திருக்கீங்க?"

கடைசியாக இறங்கிய பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போர்டைப் பார்த்தார்கள். ஒருவன் சொன்னான்: "இது எங்க கம்பெனி இல்லியே."

"அப்புறம் ஏன்டா ஏறினே?" என்றார் ஏழுமலை.

"நீங்கதானே ஏறு ஏறுன்னீங்க. நீலச் சட்டையா வேற நிறைய இருந்துச்சு."

அட்மின் சார் அண்ணன் பக்கம் திரும்பினார். "உங்க போனை எடுங்க. லிஸ்டைப் பார்ப்போம்."

அண்ணன் உறையைத் திறந்தார். நாலு மூலைக் குங்குமத்தோடு போன் வெளியே வந்தது. மறுபடி அதே கூட்டல் குறி. குத்தினார். குறி நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் குத்தினார். பழைய இடத்துக்கே வந்தது. குங்குமத்தூள் திரை விளிம்புக்குள் போயிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் குத்திப் பார்த்துவிட்டுப் பேனாவைச் செருகினார்.

"சார், இத்த அப்பால குத்திக்கிறேன். இந்தப் புள்ளைங்களுக்கு லேட்டானா அரைநாள் சம்பளம் பூடும். மொதல்ல அதுங்க கேட்ல வுட்டுட்டு வந்துர்றேன்."

பையன்களைக் காரில் திணித்துக்கொண்டு போய்விட்டார். அட்மின் சார் முன்னால் நான் மட்டும் நின்றேன். என்ன கேட்டாலும் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருந்தது. "பூஜையில வச்சிருந்தோம் சார். பேட்டரி தீந்து எல்லாம் அழிஞ்சுபோச்சு."

அவர் தன் போனை எடுத்தார். அதன் முதுகிலும் சந்தனம், குங்குமம்.

"நானும்தான் வச்சேன்" என்றார். "ஆனா இது மறக்காது. சிஸ்டம் வேற." பிள்ளையைப் பற்றிச் சொல்வது மாதிரி ஒரு பெருமை.

தன் போனிலிருந்த பட்டியலை வாசித்தார். ஒரே ஒரு பெயருக்குத்தான் பதில் இல்லை. "அவளுக்குக் காய்ச்சல் சார், ரூம்ல படுத்துக் கெடக்கா" என்றாள் மாரிச்செல்வி. அவர் எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். அண்ணன் கார் திரும்பி வந்தது.

"புள்ளைங்க உள்ள போயிட்டாங்களா?" என்று கேட்டார் அட்மின் சார்.

"மணி அடிக்கச் சொல்லோ உள்ள போனாங்க சார்."

"சரி. ஆர்டர் உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் பூஜைக்குச் சார்ஜரையும் சேர்த்து வைங்க."

எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். தாத்தா தை மாதத்தில் தேதி குறித்தார். அடுத்த ஆயுத பூஜைக்கு அண்ணன் உண்மையாகவே சார்ஜருக்கும் பொட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு என்னவெல்லாமோ போய்விட்டது. பேனா போன் போயிற்று. மறக்கவே மறக்காது என்று அட்மின் சார் பெருமைப்பட்ட போனும் அதன் சிஸ்டமும் போய், அந்தக் கொய்யாவிதைப் பொத்தான்களை இன்றைக்கு எங்கும் பார்க்க முடியாது. மேல்மூடிக் கம்பெனியின் வாசலில் வேறு பெயர்ப் பலகை. மாரிச்செல்வி எந்த ஊரில் யாரை அதட்டிக்கொண்டிருக்கிறாளோ. அண்ணன் பஸ்களை விற்றுவிட்டார். நான் இப்போது வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொரு பஸ்ஸும் போனில் ஒரு புள்ளியாக நகர்கிறது. கதவருகே ஒரு மிஷின் இருக்கிறது. அரைத்தூக்கத்தில் வேறு கம்பெனிப் பையன் ஒருவன் ஏறினால் அவன் அட்டையைப் பார்த்ததும் அது கத்திவிடும், ஏறிய படியிலேயே இறக்கிவிடுவார்கள். பின்னால் காரில் வருவதற்கு யாரும் இல்லை. அவன் ரோட்டோரம் நின்றபடி தன் போனை எடுத்து, தன் பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான்.