குளிரறைக்கு யார் முறை

எண்பத்தாறில் கனடாவில், ரொறன்ரோவின் பார்க்டேலில் குடியிருந்தபோது, நானும் ஊர்க்கார அண்ணை ஒருவரும் உறைந்த இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தோம். குளிரறைக்குள் பெட்டி அடுக்குவது எல்லோருக்கும் முறை வைத்து வரவேண்டிய வேலை. ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் போர்மனின் கண்ணில் எங்கள் இரண்டு முகங்கள் மட்டுமே படும். அண்ணையின் விரல்கள் வெடித்து, தேநீர்க் கோப்பையைப் பிடிக்கவும் நொந்தன. எங்கள் அகதி வழக்கு முடியும்வரை வேலையை விடவும் முடியாது, வாய் திறக்கவும் முடியாது. அந்தக் கனத்த கதவு பின்னால் சாத்தப்படும்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டும்.

பொதி செய்யும் வரிசையில் நின்ற வெள்ளைக்காரி ஒருத்திக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தன் ஆட்களின் மேசையை விட்டு எங்கள் மேசைக்கு வருவாள். வெட்கமாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கண் கலங்குவாள். அழுகிறவர் முன்னால் தனியே சாப்பிட எங்களுக்கு வராது. என் புட்டில் பாதியும் அண்ணையின் முட்டைப்பொரியலும் அவளுக்குப் போகும். அவளைத் தேற்றி அனுப்பிவிட்டு அரை வயிற்றோடு குளிருக்குள் போவோம். நல்ல மனுசிதான். ஆனால் அவளுடைய கவலையையும் நாங்களா சுமப்பது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் எங்களுக்காகப் போர்மனோடு சத்தம் போட்டாள். அவளை அவன் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கிழமை முழுவதும் எங்களைத்தான் இரட்டிப்பாக உள்ளே அனுப்பினான்.

மறுபடி அவள் மன்னிப்புக் கேட்க வந்தபோது என்னால் அடக்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன்.

“நடக்கிறது எங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஏன் சொல்லுறியள்? அந்த மேசையிலை இருக்கிற உங்கடை ஆக்களுக்குச் சொல்லுங்கோ.”

முகம் சிவக்க எழுந்து போனாள். அண்ணை என்மேல் பாய்ந்தார். “உனக்கு வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே? இருந்த ஒரு ஆளையும் கலைச்சுப்போட்டாய்.”

“அவா வந்து எங்கடை குளிர் குறைஞ்சதே, அண்ணை?” என்றேன். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான்.

அதன்பிறகு அவள் எங்களிடம் வரவில்லை. தன் ஆட்களோடு இருந்து தர்க்கப்பட்டாள். சில நாட்களில் அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. அடுத்த திங்கட்கிழமை போர்மன் என்னைப் பார்த்து விரலை ஆட்டினான். அவள் முந்திக்கொண்டு குளிரறை அங்கியை எடுத்துப் போட்டாள். குளிரறைக்குத் தன் முறை வந்து எத்தனையோ மாதமாகிறது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அவளுடைய இடத்தில் நின்று பொதி செய்தேன். உதடு நீலம் பாரித்து வெளியே வந்தவள், எங்கள் பக்கம் திரும்பாமல் நேரே தன் ஆட்களின் மேசைக்குப் போனாள். மறுநாள் அந்த மேசையிலிருந்து இன்னொருத்தி அங்கியை எடுத்தாள். அதற்கடுத்த நாள் ஒருவன், முணுமுணுத்தபடி.

வெள்ளிக்கிழமைதான் என்னைக் கூப்பிட்டார்கள். குளிர் துளியும் குறையவில்லை, வழக்கும் அப்படியே கிடந்தது. ஆனாலும் கதவு சாத்தப்பட்டபோது எனக்கு அழுகை வந்தது. முதல் தடவையாக, என் முறை வந்ததால் மட்டுமே நான் உள்ளே நின்றேன்.