சீருடையில் இருந்த மை

தங்கையின் பள்ளிச் சீருடையில் மூன்று வகை மை இருந்தது: குமிழ்முனைப் பேனை, பெர்மனன்ட் மார்க்கர், தோழிகள் போத்தலிலிருந்து விசிறிய நீல மை. உயர்தரப் பரீட்சையின் கடைசிப் பாடம் முடிந்ததும் கொழும்பில் எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் நடப்பதுதான். இனிப் போடத் தேவையில்லாத வெள்ளை உடுப்பில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்கள். அவள் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டிறங்கி, முதுகை எல்லோருக்கும் காட்டியபடியே வீட்டுக்கு வந்தாள். நல்ல துணியை நாசமாக்கிவிட்டாய் என்று அம்மா ஏசினார். அவள் அதைத் தோய்க்க விடவில்லை. ஹாங்கரில் போட்டு அலுமாரிக் கதவில் தொங்கவிட்டாள்.

பரீட்சைப் பெறுபேறு வருவதற்கு முன்னர் அவளுக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைத்தோம். காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தானது என்பதை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுத என்னால் முடியாது.

எல்லோரும் அழும் வீட்டில் யாராவது ஒருவர் வேலைகளைப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். மரணச் சான்றிதழ், பங்குத் தந்தை, கல்லறையில் இடம், கதிரைகள், தேநீர் என்று ஒவ்வொன்றாக முடித்தேன். பின்னேரத்துக்குள் அவளுக்குப் போடும் உடுப்பைக் கொண்டுவந்து தரும்படி, உடலைப் பொறுப்பெடுத்த மலர்ச்சாலைக்காரர் சொல்லியிருந்தார். அதில்தான் இழுபட்டது.

கலியாணமாகாத பெண்பிள்ளை இறந்தால் மணப்பெண்ணைப் போல உடுத்தி, தலையில் நெற் என்ற வலை முக்காடு வைத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மா வெள்ளவத்தைக்குப் போய் வெள்ளைக் கவுன் வாங்கி வந்திருந்தார். அம்மா அந்தப் பெட்டியைத் திறக்கவே விடவில்லை.

"அவள் கலியாணம் கட்டப் போகேல்ல அக்கா. பள்ளிக்கூடம் போன பிள்ளை. அந்த உடுப்போடயே போகட்டும்."

மற்றச் சீருடைகளை அம்மா பரீட்சை முடிந்த கையோடு மட்டக்குளியில் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். மிஞ்சியிருந்தது மை பட்டது மட்டும்தான். அதை ஹாங்கரோடு கொண்டுவந்து என்னிடம் தந்து, மையை எடுக்கச் சொன்னார்.

நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கறை எதற்குக் கரையும் என்று எனக்குத் தெரியும். பெரியம்மா பிளீச்சை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்றேன். துணி மஞ்சளாகும், மார்க்கர் அப்படியே நிற்கும். சுடுதண்ணீரும் கூடாது, கறை இறுகிவிடும். பார்மசியில் ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்குவித்தேன். குசினி மேசையில் சீருடையை விரித்து, உள்ளே டிஷ்யூவை மடித்து வைத்தேன். தேய்க்கக் கூடாது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், கறையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்ற வேண்டும். மை துணியை விட்டுக் கீழே டிஷ்யூவில் இறங்கும். டிஷ்யூவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். தோழிகள் எழுதியிருந்தது ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். ஒவ்வொன்றாக விரலை வைத்து, இது என்ன, இது என்ன என்று கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன். கெம்பஸில் சந்திப்போம். முதல் சம்பளத்தில் எங்களுக்குப் பிரியாணி. கலியாணத்துக்குச் சொல்லாவிட்டால் வீட்டுக்கே வந்து அடிப்போம். இனிக் காலையில் உன் மூஞ்சியைப் பார்க்கத் தேவையில்லை, அப்பாடா.

பஞ்சைக் கீழே வைத்தேன். "அம்மா, இத இப்பிடியே விடுவமா? அவளுக்கு இது விருப்பமெல்லோ."

அம்மா சீருடையிலிருந்து விரலை எடுத்தார்.

"எல்லாம் இனி வரப்போறதைப் பற்றித்தான் எழுதியிருக்குதுகள். ஒண்டும் வரப்போறதில்ல. இதையெல்லாம் அவள் சுமந்துகொண்டு போகவேணாம். எடு மகள்."

எடுத்தேன். மார்க்கர் எழுத்துகள் ஸ்பிரிட் பட்டதும் கரைந்தன. பேனை எழுத்துகளுக்குப் பொறுமை வேண்டியிருந்தது. பிறகு சவர்க்காரம் போட்ட பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து நீல மையை எடுத்தேன். பெரியம்மா அந்தக் கவுன் பெட்டியை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். காற்றாடிக்குக் கீழே காயவைத்து, கறை மிச்சமில்லை என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் அயர்ன் பண்ணினேன். வேலையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் தோழிகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் சீருடையோடு போகச் சொல்லியிருக்கிறார்கள். சிலரிடம் மை பட்ட உடுப்பைத் தவிர வேறு இருக்கவில்லை. சனம் நிறைந்த எங்கள் சின்ன முன்னறைக்குள் அந்த உடுப்புகளோடு, கைகளைக் கட்டிக்கொண்டு, கூச்சத்தோடு நுழைந்தார்கள். ஒருத்தி சவப்பெட்டிக்குக் கிட்டப் போய்த் தங்கையின் தோள்பட்டையைத் தேடிப் பார்த்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, நான் எழுதினது போயிட்டா? போகாத மார்க்கர் எண்டுதானே கடைக்காரர் தந்தவர்."

பெட்டிக்கு அருகே இருந்த அம்மாதான் சொன்னார். "உன்ட எழுத்துத்தான் மகள் கடைசி மட்டும் நிண்டது. அக்கா நல்லாக் கஷ்டப்பட்டுத்தான் எடுத்தவ."

அது பொய். மார்க்கர்தான் முதலில் போனது. பிள்ளை தலையை ஆட்டினாள். அப்போது அம்மாவின் கண் அவளுடைய சட்டைக் கையில் நின்றது. அங்கே தங்கையின் கையெழுத்து, தமிழில் இருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்து இழுத்து, தானே வாசித்தார்.

"என்ட நோட்ஸத் திருப்பித் தாடி, கள்ளி."

யாரோ ஒரு பிள்ளை சிரிக்கத் தொடங்கி அழுதாள்.

"குடுத்தியா மகள்?"

"இல்ல அன்ரி. வீட்ட இருக்கு."

"பரவாயில்ல. வச்சிரு."

பெட்டியை மூடும்போது நான் அம்மாவுக்கு அருகில்தான் நின்றேன். அவர் பிடித்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளையின் கையை.