ஓரக்காரியின் விட்டில்கள்

பைண்டிங் கடையில் அவளை ஓரக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சாகி வரும் புத்தகக் கட்டுகளை இயந்திரத்தில் வைத்து ஓரம் வெட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அவள் வெட்டித் தள்ளிய ஓரங்களை முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய், அங்கே கொடி கட்டித் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வரலாம். அந்தப் புத்தகங்களில் எழுதியவர் பெயர் இருக்கும், அச்சகத்தின் பெயர் இருக்கும், அட்டைப்படம் வரைந்தவர் பெயர்கூடப் பொடி எழுத்தில் இருக்கும். ஓரம் வெட்டியவள் பெயரை யார் போடுவார்கள்? அவளும் அதைக் குறையாக நினைத்ததில்லை, காகிதத்தில் விட்டில்பூச்சி செய்ய ஆரம்பிக்கும் வரை.

வெட்டி விழுந்த கீற்றுகளையும் கோணலாக அச்சாகி ஒதுக்கிய தாள்களையும் பையில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். செம்புக் கம்பியில் கால், நூல் சுற்றிய உடம்பு, காகிதத்தில் நாலு சிறகு. கடைசியில் உருகிய மெழுகில் ஒரே முக்கு. சூட்சுமமெல்லாம் அந்த முக்கில்தான். மெழுகு லேசாகப் புகையத் தொடங்கும் நொடியில் முக்க வேண்டும். முந்தினால் சிறகில் வெள்ளை பூத்துவிடும், பிந்தினால் கருகிவிடும். சரியாக விழுந்தால் காகிதம் கண்ணாடி போலாகி, அதிலிருக்கும் அரை எழுத்தும் கால் எழுத்தும் நரம்பாக ஓடும். சுவரில் ஒட்டிவைத்த ஒன்றை ஒரு பல்லி லபக்கென்று விழுங்கிவிட்டு, கம்பிக்கால் தொண்டையில் மாட்ட, மூன்று நாள் வாயை மூட முடியாமல் வீட்டாரைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் பல்லியைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஓரக்காரிக்கு ஆசை ஒன்றே ஒன்று. கலைக்கூடத்தில் வருஷத்துக்கு ஒருமுறை கைவேலைக் கண்காட்சி வைப்பார்கள். தேர்வானால் ஒரு மேஜை தருவார்கள். மேஜைமேல் பெயர் எழுதிய அட்டை நிற்கும். அந்த அட்டை வேண்டும் அவளுக்கு.

அவளுடைய போன் வாய்கொள்ளாமல் சோறு திணித்த குழந்தை மாதிரி. நாலு படம் எடுத்தால் இடமில்லை என்று கக்கிவிடும். அதனால் ஒவ்வொரு விட்டிலையும் படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பி, "பத்திரமா வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் போனில் அனுப்பிய தடம்கூட இல்லாமல் துப்புரவாக அழித்துவிடுவாள். நாத்தனாரும் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டாள், தன் இணையப் பக்கத்தில், நாற்பதாயிரம் பேர் பார்க்க.

முதல் படத்துக்குக் கீழே, "எங்க அண்ணி செஞ்சது" என்று எழுதியிருந்தாள். மாசம் போனது, "எங்க வீட்டுல செஞ்சது" ஆனது. பிறகு வெறும் "கைவேலை". அதற்கும் பிறகு, "என்னோட புது விட்டில், எப்படி இருக்கு?" பழைய படங்களுக்குக் கீழே இருந்த அண்ணியையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டாள். ஓரக்காரி எல்லாவற்றுக்கும் இதயம் போட்டாள். கடைசிப் படத்துக்கும் போட்டாள். படத்தைப் பார்த்தாளே தவிர எழுத்தைப் படிக்கவில்லை. நாளெல்லாம் எழுத்துக்கு நடுவில் நிற்கிறவள் வீட்டிலும் எதற்குப் படிக்க வேண்டும்?

தேர்வு நாளன்று செருப்புப் பெட்டியில் பதினோரு விட்டில்களோடு கலைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே செயலாளரும் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியரும் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் செயலாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தன் போனைத் தடவினார்.

"இதெல்லாம் ஏற்கனவே வந்ததாச்சேம்மா. இதோ பாருங்க. அந்தப் பொண்ணுக்கு நாங்களே மேஜை கொடுத்தாச்சு."

"அது என் நாத்தனாருங்க. நான்தான் படம் அனுப்பினேன்."

"சரி, நீங்க எடுத்த படத்தைக் காட்டுங்க. தேதி இருக்கும்ல?"

அவள் போனைத் திறந்தாள். அழித்த இடம் பளபளவென்று சுத்தமாக இருந்தது. "இடம் பத்தலைன்னு அழிச்சிட்டேங்க. இங்கேயே ஒண்ணு செஞ்சு காட்டட்டுமா?"

காட்டினாள். பையில் கொண்டுவந்திருந்த கம்பி, நூல், கீற்றுகளை எடுத்து, அங்கே காபி போடும் அடுப்பில் மெழுகை உருக்கி, முக்கால் மணி நேரத்தில் ஒரு விட்டிலை மேஜையில் உட்காரவைத்தாள். ஓவிய ஆசிரியர் பூதக்கண்ணாடியை வைத்து அப்படிப் பார்த்தார், இப்படிப் பார்த்தார். பிறகு கண் கலங்கச் சொன்னார்:

"அடடா! அசலே தோத்துப்போகும்மா. இவ்வளவு நல்லா காப்பியடிக்கிற கையை நான் பார்த்ததே இல்லை."

அவர் மனசாரப் பாராட்டினார். அதுதான் கொடுமை.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிறவன். எந்த விஷயத்தையும் இரண்டு மாடிக்குள் முடித்துவிடுவான். "படம்தானே? பார்த்தா தேஞ்சா போகுது? என் தங்கச்சிதானே, விடேன்."

விடாமல் நாத்தனாரிடமே போய் நின்றாள்.

"என் பேரைப் போடறதுல உனக்கு என்னடி கஷ்டம்?"

"அண்ணி, நான் போடலைன்னா உங்க பூச்சியெல்லாம் செருப்புப் பெட்டியிலயே செத்திருக்கும். நாற்பதாயிரம் பேருக்கு என்னைத்தான் தெரியும். திடீர்னு இன்னொரு பேரைப் போட்டா, இவ்வளவு நாளா பொய்யான்னு கேப்பாங்க."

"பொய்தானே?"

"அதை எதுக்கு அவங்களுக்குச் சொல்லிக்கிட்டு? சரி, கோவிச்சுக்காதீங்க. நீங்க செய்யறதை ஒரு வீடியோ எடுக்கறேன். கடைசியில உங்க பேர் வரும். போதுமா?"

போதும் என்றாள் ஓரக்காரி. மறுநாளே நாத்தனார் மூன்று கால் ஸ்டாண்டு விளக்கோடு வந்துவிட்டாள். "முகம் வேணாம் அண்ணி, உங்க முகத்துக்கு வெளிச்சம் ஒத்துக்க மாட்டேங்குது. கை மட்டும் போதும்." கையை மட்டும் எடுத்தாள். வீடியோ வெளியானபோது கடைசியில் பாட்டு வந்தது, பூ விழுந்தது, நன்றி வந்தது. பெயர் வரவில்லை.

ஆனால் பார்த்தவர்கள் விட்டிலை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இடது கட்டைவிரலின் அடியில் மூன்று சூட்டுத் தழும்புகள், உளுந்து அளவில், வரிசையாக. விட்டிலைக் காலைப் பிடித்து முக்கும்போது மெழுகு சொட்டுகிற இடம் அது. "இந்தத் தழும்புகள்தான் உங்கள் பதக்கம்!" என்று ஒருத்தர் எழுத, ஆயிரம் பேர் அழுதார்கள். கண்காட்சித் திறப்பு விழாவில் அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று முப்பது பேர் கிளம்பிவிட்டார்கள். கலைக்கூடம் அழைப்பிதழிலேயே அந்தக் கையை அச்சடித்துவிட்டது. அழைப்பிதழ் வெட்ட வந்தது எந்தக் கடைக்கு? ஓரக்காரி தன் கையைச் சுற்றியே ஐந்நூறு முறை ஓரம் வெட்டினாள்.

நாத்தனார் கையோ வெண்ணெய். முதலில் கொளுத்தும் வெயிலில் கையுறை போட்டாள்; தெருமுனைக் கடைக்காரன் திருட வந்தவள் என்று நினைத்து ஷட்டரை இறக்கினான். பிறகு உதட்டுச் சாயத்தால் தழும்பு வரைந்தாள்; ஒரு தும்மலுக்கு வாயைப் பொத்தினாள், தழும்பு மூக்குக்குக் குடியேறியது. திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது அண்ணி வீட்டு வாசலில் நின்றாள். சமையலறையில் மெழுகு அடுப்பில் இருந்தது.

"அண்ணி, மெழுகு சுட்ட புண் ஆற எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு வாரத்துல தோல் மூடும். தழும்பு நிக்கும். ஏன்?"

நாத்தனார் உள்ளே வந்து அடுப்பிலிருந்த மெழுகை எட்டிப் பார்த்தாள். "எனக்கு நானே ஊத்திக்கப் பயமா இருக்கு."

ஓரக்காரி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்தது.

"பைத்தியமாடி உனக்கு? ஒரே ஒரு வரி எழுது. செஞ்சது எங்க அண்ணின்னு போடு. கையும் தப்பிக்கும், எனக்கும் போதும். இப்பவே எழுது, அடுப்பை அணைச்சிடறேன்."

நாத்தனார் போனை எடுத்தாள். கட்டைவிரல் திரையின்மேல் கொஞ்ச நேரம் நின்றது. நாற்பதாயிரம் இப்போது தொண்ணூறாயிரம் ஆகியிருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து அம்மிக்கல் மாதிரி மேஜையில் வைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"சீக்கிரம் ஊத்துங்க அண்ணி."

ஓரக்காரி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு வரி எழுதுவதைவிட வெந்துபோவது மேல் என்று ஒரு கை நீளுமா? நீண்டிருந்தது, மடங்காமல். அவள் வேலையில் அரைகுறை கிடையாது. தன் இடது கையை அதன் பக்கத்தில் விரித்துவைத்து, மூன்று இடத்தையும் பென்சிலால் குறித்துக்கொண்டாள். அப்புறம் மெழுகு புகையும் வரை காத்திருந்தாள்.