இருபத்திரண்டு கம்பியும் என் தோடியும்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பூ, பழத்தோடு ஒரு மரப்பெட்டியும் கொண்டுவந்தார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து ராயபுரம்வரை ரிக்‌ஷாவில் அதை மாப்பிள்ளை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். அவருடைய அப்பா ரயில்வேயில் பிளான் வரைந்து ஓய்வு பெற்றவர். ஏழு ஸ்வரங்களுக்குள் நுண்ணிய சுருதிகள் இருபத்திரண்டு என்று புத்தகத்தில் படித்து, அந்தப் பெட்டியில் இருபத்திரண்டு கம்பி கட்டி, ஒவ்வொன்றின் கீழும் நம்பர் ஒட்டியிருந்தார். பாடத்தான் வராது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை.

எங்கள் மீனவக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரியில் சங்கீதமும் படித்து முடித்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் வேலைக்குப் போகலாம் என்று ஒப்புக்கொண்ட ஒரே வரன் இதுதான். அமைய வேண்டுமென்று எனக்கும் ஆசை.

கடல் காற்றில் கம்பிகள் தளர்ந்திருந்தன. பெரியவர் ஒவ்வொன்றாக முறுக்கி முடிப்பதற்குள் பஜ்ஜி ஆறிப்போனது.

"பொண்ணு பாக்க வந்துகீறாரா, ரேடியோ ரிப்பேர் பண்ண வந்துகீறாரா?" என்றாள் அம்மா என் காதில்.

முதலில் கேள்விகள். பஞ்சமத்துக்கு என்ன விகிதம்? மூன்றுக்கு இரண்டு. அந்தர காந்தாரத்துக்கு? ஐந்துக்கு நாலு. சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"முடிஞ்ச மாதிரிதான்" என்றார்.

"ஒரு பாட்டு பாடச் சொல்லு நைனா" என்றார் மாப்பிள்ளை.

"அது பிராக்டிகல். சின்ன விஷயம்."

தோடி ராகம் பாடினேன். அதன் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். பெரியவரின் விரல் கம்பி கம்பியாக என்னைத் துரத்தியது.

"நிறுத்தும்மா. இந்தக் காந்தாரத்துக்கு ஒரு நம்பர்தான். நீ ஊரெல்லாம் சுத்தற. ஆடாம புடி."

ஆடாமல் பிடிக்க எனக்குத் தெரியும். பிடித்திருந்தால் அன்றே தட்டு மாற்றியிருப்பார்கள்.

"ஆடாம பாடினா அது தோடி இல்லீங்க" என்றேன்.

"புத்தகத்துல ஆட்டம் போடலியே?"

"பாடறவங்களுக்குத் தெரியும்னு விட்டிருப்பாங்க."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். தியரியில் பாஸ், பிராக்டிகலில் ஃபெயில் என்று தீர்ப்பானது. பெட்டியை வைத்து ஒரு மாதம் பழக வேண்டும், ஆட்டம் நின்றதும் தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"பொருள வுட்டுட்டு போய்கீறாங்கோ, வேணான்னா வுடுவாங்களா?" என்று அம்மா பெட்டிக்குத் தினமும் பொட்டு வைத்தாள்.

நான் எல்லாக் கம்பிகளையும் ஷட்ஜத்திலும் பஞ்சமத்திலும் கூட்டினேன். எங்கள் வீட்டில் தம்புரா இல்லை. இப்போது இருபத்திரண்டு கம்பித் தம்புரா இருந்தது. ராயபுரத்தில் வேறு யாரிடமும் அப்படியொன்று இருந்திருக்காது.

மாதக் கடைசியில் மாப்பிள்ளை மட்டும் வந்தார். கம்பிகளை மீட்டினார்.

"இன்னாங்க, எல்லாம் ஒண்ணாவே கேக்குது?"

"சுருதி சேர்த்திருக்கேன்."

"நைனா பாத்தா?"

"நம்பரெல்லாம் ஒட்டினபடியே இருக்கு. அவர் அதைத்தான் பார்ப்பாரு."

அவர் பாயில் உட்கார்ந்தார். "அன்னிக்கு பாதியில நின்னுச்சே, அத்த பாடுங்க."

பாடினேன். காந்தாரம் அசைந்தது. முடிக்கும்வரை அவர் கம்பிகளைத் தொடவில்லை.

"நைனாகிட்ட இன்னா சொல்லட்டும்?"

"ஆட்டம் நிக்கலன்னு சொல்லுங்க. நிக்காதுன்னும் சொல்லுங்க."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். பெட்டியை எடுக்கவில்லை.

"இங்கியே இருக்கட்டும். தேதிய நைனாகிட்ட நான் கேட்டு வாங்கறேன்."

"நான் வேலைக்குப் போறது?"

"போங்க. ஆனா புள்ளைங்களுக்கு வெறும் நம்பர சொல்லிக் குடுத்துறாதீங்க."