வேம்புலியின் வலது கண்

"பந்து எங்க வுழுந்துச்சுன்னு தெரியலன்னு இந்த வாய் ஒரு நாளும் சொல்லாது. அப்பிடிச் சொல்லிச்சுன்னா, இந்த நாற்காலிய ஒடைச்சு அடுப்புல வெச்சிடுங்கப்பா."

ஆவடி குவார்ட்டர்ஸ் பூப்பந்து மைதானத்தில், உயரமான மர நாற்காலியின் உச்சியிலிருந்து வேம்புலி இந்தப் பிரகடனத்தை வெளியிட்டது எண்பத்தாறாம் ஆண்டில். கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இரண்டு அணி ஆட்டக்காரர்கள், சுண்டல் விற்கும் தாயம்மாள், எல்லைக் கோட்டுக்கு அருகே அசை போட்டுக்கொண்டிருந்த ஓர் எருமை. யாரும் ஆட்சேபிக்காததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வேம்புலி நெமிலிச்சேரிக்காரர். அப்பா நெல்லும் கத்தரியும் போட்டவர். மகன் ராணுவ வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஒயரிங் பிரிவில் சேர்ந்து, வடிவைக் கல்யாணம் செய்துகொண்டு, குவார்ட்டர்ஸில் குடியேறினார். ஆனால் ஒயர் கட்டுவது சம்பளத்துக்கு. அவர் பிறவி எடுத்தது பூப்பந்துக்குத் தீர்ப்பு சொல்லத்தான். ஆட வராது. ஒரே ஒரு தடவை மட்டையைத் தொட்டார். மஞ்சள் கம்பளிப் பந்து நேராகத் தாயம்மாளின் சுண்டல் குண்டானுக்குள் இறங்கியது. வேம்புலி ஒரு கணம்கூட யோசிக்காமல், "அவுட்" என்று தானே அறிவித்துவிட்டு மட்டையைக் கீழே வைத்தார். தனக்கு எதிராகத் தானே தீர்ப்பு சொன்ன மனிதனை ஆவடி அதுவரை கண்டதில்லை. அன்றைக்கே நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள்.

அந்த நாற்காலியில் அவர் செலுத்திய ஆட்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், உயர்நீதிமன்றத்துக்கு மேலே டெல்லியில் ஒன்று உண்டு, வேம்புலிக்கு மேலே வானம்தான் உண்டு. இடது கண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே தூரம் சரியாகத் தெரியாது, தீர்ப்பெல்லாம் வலது கண்ணின் பொறுப்பு. சுண்ணாம்புக் கோட்டில் பந்து விழுந்தால் வலது கை ஆள்காட்டி விரல் தரையைக் காட்டும். வெளியே விழுந்தால் அதே விரல் ஆகாயத்தைக் காட்டும். விரலுக்கு விளக்கவுரை கிடையாது. கேட்டவனிடம், "கண்ணு இருக்கறவன்தான மேல குந்திகினு கீறேன்?" என்பார்.

தொண்ணூறில் அவருடைய இடது கால் சில வாரம் மரத்துக் கிடந்தது. தொழிற்சாலை பூட்ஸ் மேல் பழி போட்டார்கள். பூட்ஸ் மறுப்பு எதுவும் தெரிவிக்கவில்லை. அடுத்த வருஷம் வலது கண்ணை அசைத்தாலே உள்ளே வலித்தது. பிறகு அந்தக் கண்ணுக்கு முன்னால் மார்கழிப் பனி மாதிரி ஒரு படலம் இறங்கி, ஒரு மாதம் போல இருந்துவிட்டு, தானாகவே விலகியது. போனதே போதும் என்று விட்டுவிட்டார்.

போனது முழுசாகப் போகவில்லை என்பதற்கு முதல் சாட்சி குங்குமம். கரையான்சாவடியில் வடிவு வாங்கி வந்த குங்குமத்தைப் பார்த்து, "இன்னா இது, செங்கல் பொடியா?" என்று கேட்டார். பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரிடம் கலப்படம் பற்றி ஓர் உரையும் ஆற்றினார். கடைக்காரர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா செவப்பாத்தானே கீது நைனா, வெயில்ல வந்தியா?" என்றார். வீட்டில் குங்குமத்தைப் பார்த்த நேரத்தில் வேம்புலி தூசி விழுந்த இடது கண்ணைத் துடைக்க மூடியிருந்தார் என்பது வரலாற்றில் அன்று பதிவாகவில்லை.

குவார்ட்டர்ஸ் மருத்துவக் குழு (பக்கத்து வீடு, எதிர் வீடு, குழாயடி) கூடி, இது உடம்புச் சூடு என்று முடிவு செய்தது. சூட்டுக்கு மருந்து எண்ணெய்க் குளியல். வடிவு அதைச் சிரத்தையோடு நடத்தினாள். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வந்ததும் உச்சந்தலையில் நல்லெண்ணெய். பிறகு கண் குளிர வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு, அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் பகலில் தூங்கக் கூடாதல்லவா? அதற்கும் வழி இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம்தான் மேட்ச். வேம்புலி தலையில் ஆவி பறக்க, வெயிலில் நாற்காலி ஏறினார்.

தீர்ப்புகள் தவறத் தொடங்கியது அந்தச் சனிக்கிழமைகளில்தான். கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்துக்கு விரல் ஆகாயம் போனது. ஒரு முழம் வெளியே விழுந்ததற்குத் தரையைக் காட்டியது.

இதெல்லாம் வேறு யாருடைய ஆட்டமாக இருந்தாலும் ஊர் சிரித்துவிட்டுப் போயிருக்கும். ஆனால் வடிவின் தம்பி தசரதன்தான் நெமிலிச்சேரி அணியின் கேப்டன். குவார்ட்டர்ஸ் அணிக்குத் திண்டுக்கல்லிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த கங்காதரன் கேப்டன். தசரதனுக்குச் சாதகமாக இரண்டு தவறு நடந்த சாயங்காலம், கங்காதரன் நாற்காலிக்குக் கீழே வந்து நின்றான்.

"அண்ணே, உங்களைக் கடவுள் மாதிரி நெனச்சோம். மச்சான் கேப்டன்னா கோடு நகந்து போகுமாண்ணே?"

அன்று இரவுச் சாப்பாட்டில் தசரதன் மறுபக்க வாதத்தை வைத்தான்.

"ஊட்ல குந்த வெச்சு மீன் கொழம்பு ஊத்துற. கிரவுண்ட்ல என் நல்ல பந்துக்கெல்லாம் அவுட்டு குடுக்கற. இன்னா மாமா நாயம் இது?"

"தட்டைப் பார்த்துத் துன்னுடா," என்றாள் வடிவு. அவள் தட்டைப் பார்க்கவில்லை. மீன் முள்ளை எடுக்கக் குழம்புக்குள் தடவிக்கொண்டிருந்த புருஷனின் விரலைப் பார்த்தாள்.

அம்பத்தூரில் கண் டாக்டர் பத்மாவிடம் அவரை இழுத்துப் போனது அவள்தான். டாக்டர் ஒரு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியை எடுத்து, முதலில் இடது கண்ணால் பார்க்கச் சொன்னார், பிறகு வலது கண்ணால்.

"எது நல்ல சிவப்பு?"

"மொதல்ல காட்டின மூடி நல்ல மூடி. ரெண்டாவது மூடி வெளுத்த மூடி."

"ஒரே மூடிதாங்க."

நீதிபதி வாழ்க்கையில் முதன்முதலாகக் குறுக்கு விசாரணையில் மாட்டினார். குங்குமக் கடைக்காரரின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்போ ரொம்ப மங்குது?"

"சனிக்கிழமை டாக்டர்," என்றாள் வடிவு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கிழமை பார்த்து வரும் வியாதியை அவர் படித்ததில்லை. வடிவு அண்டா, எண்ணெய், வெந்நீர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறியது.

சொட்டு மருந்து விட்டு, விளக்கை அணைத்து, கையடக்கமான ஒரு கருவியோடு கண்ணுக்குள் வெகுநேரம் எட்டிப் பார்த்தார். ஒரு தடவை பச்சை வெளிச்சம் போட்டும் பார்த்தார்.

"விழித்திரை நரம்பெல்லாம் ஒரு வட்டத்துல வந்து சேர்ந்து, அங்கேருந்து மூளைக்குப் போகும். அந்த வட்டம் நல்ல கண்ணுல இளஞ்சிவப்பா இருக்கும். உங்க வலது கண்ணுல ஒரு ஓரம் வெளுத்துப் போயிருக்கு. அதைச் சுத்தி நரம்பு மெல்லிசா கோடு கோடா தெரியணும். உங்களுக்கு அங்கங்கே கோடு அழிஞ்சிருக்கு."

"கோடு அழிஞ்சிருக்கா?" என்றார் வேம்புலி. அந்தச் செய்தி அவரைத் தனிப்பட்ட முறையில் தாக்கியது.

"ஒயர் மேல உறை இருக்கும் பாருங்க..."

"ஒயரிங்ல பதினெட்டு வருஷம் டாக்டர்."

"அப்போ சுலபம். நரம்பு மேல இருக்கற உறை அங்கங்கே கெட்டுப் போச்சு. மரத்துப்போன கால், மங்கின கண்ணு, ரெண்டும் ஒரே வியாதியா இருக்கலாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு பேரு. பட்டணத்துல ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணணும். உடம்பு சூடானா அந்த நரம்பு வேலை நிறுத்தம் பண்ணும். ஆறினா திரும்ப வேலைக்கு வரும்."

சூடு என்று சொன்ன குழாயடிக் குழு நோயில் பாதி சரி, மருந்தில் முழுக்கத் தப்பு. வடிவு சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். "கண்ணு குளிரட்டும்னு நான்தானே கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்."

"வெந்நீரால வியாதி வரலம்மா. அதால கேடும் இல்ல. கொஞ்ச நேரம் மங்கும், அவ்வளவுதான். இனிமே ஆறின தண்ணி ஊத்துங்க."

ஸ்கேனும் அதையே சொன்னது. பஸ்ஸில் திரும்பி வரும்போது வடிவு, "நாற்காலிய வுட்டுடு," என்றாள். "கண்ணு இப்பிடின்னு கிரவுண்ட்ல சொல்லிடு. ஒருத்தனும் தப்பாப் பேச மாட்டான்."

"இப்பப் போயி சொன்னா, மச்சானுக்குக் கள்ள ஆட்டம் ஆடிட்டு வியாதின்னு கதை வுடறான்னுவானுங்க. மே தின ஃபைனல்ல ஒயுங்கா தீர்ப்பு சொல்லிட்டு, பேரைத் திருப்பி எடுத்துகினு எறங்கறேன்."

தொண்ணூற்று மூன்று மே தினம். நெமிலிச்சேரிக்கும் குவார்ட்டர்ஸுக்கும் இறுதி ஆட்டம். வேறு நடுவர் வேண்டும் என்று கங்காதரன் கேட்டான். தேடினார்கள், மே மாத வெயிலில் ஏற ஆள் கிடைக்கவில்லை. வேம்புலி இடது காலைச் சற்று ஊன்றிப் பார்த்து, படிப்படியாக ஏறினார். வடிவு தண்ணீர்க் குடமும் துண்டுமாக நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு இடைவேளையிலும் ஈரத் துண்டை எட்டிக் கொடுத்தாள். புருஷனுக்கு இப்படி ஒரு சேவையா என்று தாயம்மாள் கிண்டல் செய்தாள். கண் நன்றாகவே வேலை செய்தது. ஒரு தீர்ப்புக்கும் முணுமுணுப்பு எழவில்லை.

மூன்றாவது ஆட்டம் சமமாக இழுத்துக்கொண்டே போனது. குடத்தில் தண்ணீர் தீர்ந்தது. நாற்காலி மரமே சுட்டது. கடைசிப் புள்ளிக்குத் தசரதன் எம்பி அடித்தான். மஞ்சள் பந்து வலைக்கு மேலே வந்தது வேம்புலிக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் மைதானத்தின் அந்தக் கோடி முழுவதும் சாம்பல் நிறத்தில் கரைந்து கிடந்தது. கங்காதரன் பந்தைத் தொடாமல் விட்டிருந்தான். பின்கோட்டுப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம்.

எல்லா முகமும் நாற்காலியை நோக்கித் திரும்பியது. கங்காதரன் இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தான். விரலை ஆகாயத்துக்குத் தூக்கினால் போதும். மச்சானுக்கே அவுட் கொடுத்த மகான் என்று தோளில் தூக்கிக்கொண்டு ஆவடி பூராவும் சுற்றுவார்கள். போன பேர் வட்டியோடு திரும்பும். பந்து எங்கே விழுந்தது என்று யாருக்கு என்ன கவலை?

விரல் பாதி தூரம் எழுந்தது. கீழேயிருந்து வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேம்புலி கையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவனிடம் மணி கேட்கிற குரலில் சொன்னார்:

"கங்காதரா, என் கண்ணு மங்கிடுச்சுப்பா. எங்க வுழுந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நீயே சொல்லு."