ஜெயபாக்கியம் திரும்பப் பெற்ற சாட்சி

ஜெயபாக்கியத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரும்படி சபைப் பத்திரிகையில் கேட்டார்கள். செத்துப்போனவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாரையும் பரிசுத்தவான்களாக்கிவிடுகிறோம். அவள் அப்படி இல்லை. அவள் சொன்ன ஒரு பொய்யால் ஒரு குழந்தைக்குக் கேடு வந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும்.

போடிநாயக்கனூரில் மிஷன் வைத்திருந்த சின்ன மருந்தகத்தில் நான் நர்ஸ். நாலு கட்டில், ஒரு கம்பவுண்டர், வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகும் டாக்டர். மிச்ச நாளெல்லாம் நான்தான். ஜெயபாக்கியம் அதே மிஷனின் ஊழியக்காரி. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை, அப்போது நாற்பது வயது. கீழே தேவாரம் வரைக்கும், மேலே போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டக் கூலியாட்களின் லைன் வீடுகள் வரைக்கும் போய், பெண்களுக்கு எழுத்தும் வேதமும் சொல்லிக்கொடுப்பாள். லோடு ஜீப்பில் இடம் கிடைத்தால் ஜீப்பு, இல்லையென்றால் நடை. மழைக்காலத்தில் அட்டை கடித்த காலோடு என் முன்னால் வந்து உட்காருவாள். கழுவிக் கட்டுப்போட்டுவிட்டு, "அடுத்த வாரம் போகாதே" என்பேன். போவாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தையல்கடை வைத்திருந்த மொக்கச்சாமி கறுப்புச் சட்டைக்காரர். கடவுள் இல்லை என்று கடைச் சுவரிலேயே பெரிய எழுத்தில் எழுதிப் போட்டிருந்தார். ஜெயபாக்கியம் ரவிக்கை தைக்கக் கொடுப்பது அவரிடம்தான். அவர் தைத்தால்தான் தோள் சரியாக நிற்கிறது என்பாள்.

"வாங்க வேதக்காரம்மா. உங்காளு சௌக்கியமா?" என்று அவர் ஆரம்பிப்பார்.

"சௌக்கியம்தான் தம்பி. பேருலயே சாமியை வச்சுக்கிட்டு இல்லைங்கிறியே, உன்னையத்தான் தினம் விசாரிக்கிறாரு."

"பேரு எங்க ஆத்தா வச்சது. மாத்துனா சோறு போட மாட்டா."

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன். ஜெயபாக்கியம் கொடியில் தொங்கிய சட்டையைக் காட்டினாள். "இது தானாவே தச்சுக்கிட்டு வந்து தொங்குதா? ஒருத்தன் தச்சாத்தானே சட்டை? அப்ப இம்புட்டு மலையும் காடும்?"

மொக்கச்சாமி மிஷினை நிறுத்தவே இல்லை. "சட்டையைத் தச்சது நான். கை ஒரு விரக்கடை கூடிப்போச்சுன்னா வந்து சண்டை போடுறீங்கள்ல? மலேரியாக் கொசுவைத் தச்சவர்கிட்ட ஏன் போட மாட்டேங்குறீங்க?"

"போடலைன்னு உனக்கு யாரு சொன்னா? விடியக்காலம் எங்க வீட்டுப் பக்கம் வந்து கேளு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது அவள் சிரிக்கவில்லை. "அவன் கேட்டது நியாயமான கேள்விதான்க்கா. எனக்குப் பதில் தெரியலை" என்றாள். பதில் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. லைன் வீட்டுப் பெண்கள் நாளைக்கு அதையே கேட்டால் என்ன சொல்வது என்று மருகிக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் ராக்கு வந்தாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம், ஐப்பசி மழை. ராக்கு மேலே ஏலக்காய் பறிப்பவள். அவள் புருஷன் அழகுமலை அவளை லோடு ஜீப்பில் மூட்டைகளுக்கு நடுவே கிடத்திக் கொண்டுவந்தான். நினைவில்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மலேரியாவுக்கான கொய்னா மருந்தை நரம்பில் ஏற்றச் சொன்னார். மூன்று நாள் ஏற்றினேன். ஜெயபாக்கியம் அந்த மூன்று நாளும் கட்டிலை விட்டு நகரவில்லை. ஜெபம் பண்ணினாள். துணி மாற்றினாள், உடம்பைத் துடைத்தாள், புண் விழாமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைத்தாள். நாலாம் நாள் காலையில் ராக்கு கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெயபாக்கியம் சபை முன்னால் எழுந்து, கர்த்தர் செய்த நன்மை என்று சாட்சி சொன்னாள். டாக்டர் கையை விரித்துவிட்டார், மூன்று நாள் ஊசி போட்டும் ஊசி தோற்றது, ஜெபம் ஜெயித்தது என்றாள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. ஊசியும் தோற்கவில்லை, அது வேலை செய்ய மூன்று நாள் ஆகும். நான் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாட்சி என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். எனக்குத் தூக்கமும் பாக்கி இருந்தது. இதில் என் பங்கு அது.

தையல்கடையிலும் போய்ச் சொன்னாள். மொக்கச்சாமி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப நர்சம்மா ஊசியில ஏத்துனது பச்சத் தண்ணியா?"

"மூணு நாளா அது சும்மாதானே கெடந்துச்சு" என்றாளாம்.

மேலே லைனிலும் சொன்னாள். அங்கே ராக்குவே எழுந்து நடமாடுகிறாளே, வேறு அத்தாட்சி எதற்கு? ஐந்து குடும்பங்கள் ஜெபத்துக்கு வர ஆரம்பித்தன. குருவானவருக்கு மிகவும் சந்தோஷம்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் மொக்கச்சாமி அளவெடுக்க மேலே போனார். வருஷா வருஷம் போவார், லைன் வீடுகளில் ஆளுக்கொரு துணி தைப்பார்கள். ராக்கு வீட்டில் அவள் மகள் சோலை, ஆறு வயது, காய்ச்சலில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்து மூன்று நாளாயிற்று. எஸ்டேட்டில் கொடுத்த மாத்திரை பொட்டலம் பிரிக்காமலே மாடத்தில் கிடந்தது. ராக்கு முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். மொக்கச்சாமி அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்கக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி, கிளம்பிப்போன ஜீப்பை மறித்து ஏறினார். ராக்கு கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து ஏறினாள்.

மருந்தகத்துக்கு வந்துசேர்ந்தபோது பிற்பகல் நாலு மணி. வலிப்பை நிறுத்தவே இரண்டு மணி நேரமாயிற்று. பிறகு பழையபடி கொய்னா. ஜெயபாக்கியத்துக்கு ஆள் அனுப்பினேன், வந்தாள்.

"ஏன்டி மாத்திரை கொடுக்கல?" என்று நான்தான் ராக்குவைக் கேட்டேன். கோபத்தில் சத்தம் கூடிவிட்டது.

ராக்கு என்னைப் பார்க்கவில்லை. ஜெயபாக்கியத்தைப் பார்த்தாள். "நீங்கதானக்கா சொன்னீங்க. ஊசி தோத்துச்சு, ஜெபம் ஜெயிச்சுச்சுன்னு. எனக்கு ஜெயிச்சது புள்ளைக்கு ஜெயிக்காதா?"

அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே கேட்டாள். ஜெயபாக்கியம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அவளுக்குப் பின்னால் நின்றபோது என் கையிலிருந்து எனாமல் தட்டு கீழே விழுந்தது. பக்கத்துக் கட்டில்காரி அலறிவிட்டாள். சோலை திரும்பவில்லை. இரண்டு காதும் போயிருந்தது. அந்தக் காய்ச்சலும் அப்படிச் செய்யும், கொய்னாவும் அப்படிச் செய்யும். எது செய்தது என்று எனக்குத் தெரியாது. முதல் நாளே மாத்திரை கொடுத்திருந்தால் காய்ச்சல் அதோடு போயிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

அந்த வாரமே குருவானவர் வந்தார். நல்ல மனிதர்தான். "அறுப்பின் பண்டிகையில தாயையும் மகளையும் நிறுத்திச் சாட்சி சொல்லணும் ஜெயபாக்கியம். ரெண்டு பேரையும் கர்த்தர் எழுப்பியிருக்கார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலே இன்னும் பத்துக் குடும்பம் இருக்கிறது, கேட்டால் வருவார்கள் என்றும் சொன்னார். எனக்கு அந்தப் பத்துக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் கண்ணில் நின்றார்கள். மழை இன்னும் விடவில்லை. காய்ச்சல் வரும், ஜெபம் இருக்கிறதே என்று மாத்திரையை மாடத்தில் போடுவார்கள்.

மொக்கச்சாமி குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஜெயபாக்கியம் வெளியே வந்ததும் மறித்துக்கொண்டார். நான் உள்ளே சிரிஞ்சு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"காப்பாத்துனது உங்காளுன்னா, காதை எடுத்தது யாரு வேதக்காரம்மா?"

"நான்" என்றாள் ஜெயபாக்கியம்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப இப்பவாவது ஒத்துக்கங்க. மேல ஒருத்தரும் இல்ல" என்றார்.

"இல்லைன்னா எனக்குத்தான் தம்பி நல்லது. இந்தப் புள்ளைக்காக என்னை யாரும் கேக்கப்போறதில்லை. ராக்கு கேக்கலை. நர்சக்கா கேக்கலை. குருவானவரய்யா என்னடான்னா மாலை போடக் கூப்பிடுறாரு. ஆனாலும் என்னைய ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. சமைக்கயில கேக்குறாரு, நடக்கயில கேக்குறாரு. ஆளே இல்லைன்னா கேள்வி எங்கருந்து வருது?"

"அது உங்க மனசாட்சி."

"என் மனசாட்சியை எனக்குத் தெரியும். போன வருஷம் பூராவும் எங்கூடச் சேந்து அதுவும் பொய் சொல்லுச்சு. நல்லா நிம்மதியாத் தூங்குனேன். இது அது இல்ல."

நான் சிரிஞ்சை எடுக்க மறந்து நின்றிருந்தேன். கடவுள் உண்டு என்பதற்கு எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் பிரசங்கியாருக்கு வசதியான கடவுளாகத்தான் இருக்கும். தனக்கு வசதியில்லாத ஒருவரை இருக்கிறார் என்று ஒருத்தி சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"சரி. அவரு கேக்குறாரோ என்னவோ" என்றார் மொக்கச்சாமி கடைசியில். "அவருக்குப் பதில் சொல்றதுக்கு முந்தி மேல லைன்ல போய்ச் சொல்லுங்க. அங்க புள்ளைக இருக்கு."

"ஞாயித்துக்கெழம போறேன். வெரசா ஒரு ஜீப்பு மட்டும் சொல்லிவிடு."

நானும் போனேன், மாத்திரை டப்பாவோடு. காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் களத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். ராக்கு சோலையோடு ஓரமாக நின்றாள். ஜெயபாக்கியம் பாட்டு எதுவும் பாடவில்லை.

"போன வருஷம் நான் சொன்னது பொய்" என்று ஆரம்பித்தாள். "டாக்டர் கையை விரிக்கலை. ஊசி தோக்கலை. நர்சம்மா மூணு நாள் மருந்து ஏத்துனாங்க. நான் அதை மறைச்சேன். அதை நம்பித்தான் ராக்கு மாத்திரை குடுக்கலை. இந்தப் புள்ளைக்குக் காது போனதுக்கு நான்தான் காரணம்."

ராக்குவின் புருஷன் அழகுமலை முன்னால் வந்தான். "அப்ப ஜெபமெல்லாம் சும்மாவாக்கா? எங்க கும்புடு சாமியை விட்டுட்டு உங்களை நம்பி வந்தமே!"

"சும்மா இல்லப்பா. நான் வேண்டுனேன், அவரு கேட்டாரு, அதை இன்னைக்கும் நம்புறேன். அவரு எதைக் கொண்டு ராக்குவை எழுப்புனாருன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். மொக்கச்சாமி கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாம, கடவுளுக்கு நான் ஆதாரம் தேடப் போனேன். அவருக்கு என் பொய் தேவைப்படலை. எனக்குத்தான் தேவைப்பட்டுச்சு."

"நல்லாப் பேசுறீக" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"காச்சல்னா அன்னைக்கே மாத்திரை குடுங்க. எறங்கலைன்னா கீழ கொண்டாங்க. ஜெபம் ஜீப்புல வரும்போது பண்ணிக்கலாம்" என்று முடித்துவிட்டாள். நான் மாத்திரையைக் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று வீடு வீடாகச் சொன்னேன். ராக்கு வாங்கிக்கொண்டாள். ஜெயபாக்கியத்திடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஐந்து குடும்பத்தில் மூன்று ஜெபத்துக்கு வருவதை நிறுத்திவிட்டது. பண்டிகையில் சாட்சி இல்லை. குருவானவர் வருத்தப்பட்டார், ஆனால் வற்புறுத்தவில்லை. தன் கட்சிக் கூட்டத்தில் மொக்கச்சாமி இதைப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். பேசவில்லை. ஏன் என்று கேட்டேன். "அந்தம்மாவே எல்லாத்தையும் சொல்லிடுச்சு. நான் மேடை ஏறி என்னத்தச் சொல்ல?" என்றார்.

ஜெயபாக்கியம் லைனுக்குப் போவதை நிறுத்தவில்லை. சோலைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். காது கேட்காத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று அவளுக்குத் தெரியாது. சிலேட்டில் எழுதுவாள், பொருளைக் கொண்டுவந்து காட்டுவாள், பிள்ளை கத்தும், இவள் மறுபடி எழுதுவாள். ராக்கு வாசலைத் திறந்துவிடுவாள், உள்ளே போய்விடுவாள். அப்படியே மார்கழி வந்தது. ஜெயபாக்கியத்துக்குக் களைப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டது, எனக்கும்தான்.

மார்கழியில் ஒரு காலை, மருந்தகம் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ராக்கு வந்தாள். இடுப்பில் அவளுடைய கைக்குழந்தை, அனலாகக் கொதித்தது.

"எப்பருந்து?"

"நேத்து சாயங்காலம் நர்சம்மா. மாத்திரை குடுத்தேன், கக்கிடுச்சு. மொத ஜீப்புல வந்துட்டேன்."

ஊசி போட்டேன். குழந்தை அழுது ஓய்ந்து கட்டிலில் தூங்கியது. அதற்குள் யாரோ சொல்லி ஜெயபாக்கியம் வந்துவிட்டாள். ராக்கு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். போய்விடலாமா என்று என்னைப் பார்த்தாள்.

ராக்குதான் பேசினாள். "ஊசி போட்டாச்சு. வந்து உக்காருங்க. ஜெபம் பண்றதுன்னா மெதுவாப் பண்ணுங்க, புள்ள இப்பத்தான் தூங்குது."

ஜெயபாக்கியம் உட்கார்ந்தாள். உதடு மட்டும் அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே பதினோரு பேர் காத்திருந்தார்கள். நான் அவர்களைப் பார்க்கப் போனேன்.